இலையைத் திருப்பிப் பாருங்கள்

ஸ்வீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் சுமார் 200 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது அபிஸ்கோ. 1909-இல் தேசியப் பூங்காவான இடம். கோடையில் பல வாரங்களுக்கு அங்கே சூரியன் மறைவதில்லை. அந்தக் குறுகிய பருவத்துக்குள் காட்டுப்பூக்கள் பூத்துக் காய்த்து முடித்துவிடுகின்றன. அவற்றில் பல ஒரு சாண் உயரம்கூட வளராதவை. மண்டியிடாமல் அவற்றை இனங்காண முடியாது.

நடுவில் மஞ்சள் மகரந்தத்தாள்களோடு ஒரு வெள்ளைப் பூ. இது ட்ரையாஸா, கிளவுட்பெரியா? இதழ்களை எண்ணுங்கள். பெரும்பாலும் ட்ரையாஸுக்கு எட்டு, கிளவுட்பெரிக்கு ஐந்து. ஆனால் எண்ணிக்கை சில பூக்களில் மாறும், இலை ஏமாற்றாது. ட்ரையாஸின் இலை சின்னது, விளிம்பு வளைவு வளைவாக வெட்டியிருக்கும். மேல்புறம் கரும்பச்சை, திருப்பினால் அடிப்புறம் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை. கிளவுட்பெரியின் இலை அகலமானது, சுருக்கம் விழுந்தது. நிற்கும் தரையும் சாட்சி சொல்லும்: சுண்ணாம்புப் பாறையுள்ள காய்ந்த சரிவு ட்ரையாஸுக்கு, கால் புதையும் சதுப்பு கிளவுட்பெரிக்கு.

அடையாளங்கள் பலவும் அந்தந்தச் செடி குளிரில் பிழைக்கும் வழி என்பதுதான் இனங்காணும் கலையின் அழகு. ட்ரையாஸ் பூ சூரியன் போகும் திசையெல்லாம் முகம் திருப்பி, குழிந்த இதழ்களால் வெப்பத்தை நடுவில் சேர்க்கிறது. குளிர்காயப் பூச்சிகள் வருகின்றன, மகரந்தமும் பரவுகிறது. சைலீன் அகாலிஸ் என்ற செடி தரையோடு தரையாக மெத்தைபோல அடர்ந்திருக்கும். அதன் இளஞ்சிவப்புப் பூக்கள் வெயில் படும் தென்புறத்தில்தான் முதலில் விரியும்.

1732-இல் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் இந்த வடபகுதியான லாப்லாந்துக்குப் புறப்பட்டபோது, அவருடைய தோல்பையில் மாற்றுச்சட்டையோடு ஒரு நுண்ணோக்கியும் இருந்தது. அந்தப் பயணத்தின் விளைவான நூல் ‘ஃப்ளோரா லாப்போனிகா’ 1737-இல் வெளிவந்தது. அவர் பெயரைத் தாங்கும் லின்னேயா போரியாலிஸ், கவட்டைபோலப் பிரியும் ஒரே காம்பில் இரண்டு இளஞ்சிவப்பு மணிகளைத் தொங்கவிடும் சிறுபூ. அந்தக் காம்பையும் கிட்டக் குனிந்து பார்த்தால்தான் அதன் நுண்மயிர்கள் தெரியும்.

சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் கடுங்குளிர் திரும்பியதை விஞ்ஞானிகள் கண்டுகொள்ள உதவியவற்றில், பழைய ஏரிச் சேற்றில் கிடைத்த ட்ரையாஸ் இலைகளும் உண்டு. அந்தக் காலகட்டத்துக்கே ‘யங்கர் ட்ரையாஸ்’ என்று பெயர் வைத்தார்கள். ஆகவே வடக்கே போகிறவர்கள் பூவைப் பறிக்க வேண்டாம். அருகில் உட்கார்ந்து இலையைத் திருப்பிப் பாருங்கள். பூவின் முழு வரலாறும் அங்கேதான் இருக்கிறது.