மாரி செல்வராஜ்: நெருங்கி நின்ற படங்களும் விலகிப்போன படமும்

தூத்துக்குடி என்றால் தமிழ் சினிமாவுக்கு நெடுநாளாகத் துறைமுகம், கடத்தல், அரிவாள். 2013-இல் வந்த ‘சிங்கம் 2’ வரை அந்தப் பழக்கம் விடவில்லை. அதே மாவட்டத்துப் புளியங்குளத்தில் பிறந்து, இயக்குநர் ராமிடம் தொழில் பழகிய மாரி செல்வராஜ், 2018-இல் ‘பரியேறும் பெருமாள்’ எடுத்தார். அதன்பின் இந்த மண்ணைப் பழைய கண்ணால் யாரும் படம்பிடிக்க முடியாது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவருடைய ஐந்து படங்களும் ஒரே தரமா என்று கேட்டால், இல்லை.

‘பரியேறும் பெருமாள்’ படத்தில் கராத்தே வெங்கடேசன் நடித்த அந்த வயதானவரை நினைத்துப் பாருங்கள். சத்தம் போடாத, சாதாரணமான மனிதர். சாதிக்காகக் கொலை செய்வதைக் குலசாமிக்குச் செய்யும் கடமையாக நினைக்கிறார். அவரைக் கண்டு ஒருவரும் விசிலடிக்கவில்லை. 2023-இல் வந்த ‘மாமன்னன்’ படத்தின் வில்லன் ரத்தினவேலுவுக்கு நேர்ந்தது வேறு. அந்த வேடத்தில் நடித்த பகத் பாசிலின் காட்சிகளை வெட்டி, பாட்டுச் சேர்த்து, சாதிப் பெருமை பேசுகிறவர்கள் சமூக வலைதளங்களில் கொண்டாடினார்கள். பார்த்தவர்கள் மேல் மட்டும் பழிபோட்டுத் தப்பிக்க முடியாது. சொந்த மண்ணை விட்டுச் சேலத்து அரசியலுக்குப் போனபோது, மாரி கையில் எடுத்தது பெரிய ஹீரோ படங்களின் மொழி. அந்த மொழி வில்லனையும் அழகாக்கித்தான் காட்டும்.

‘கர்ணன்’ (2021) இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நிற்காமல் போகும் பேருந்தும், கால் கட்டப்பட்ட கழுதையும் எந்த வசனத்தையும்விட வலுவானவை. படத்துக்கு அடிப்படையான, கொடியன்குளம் ஊர்மீதான போலீஸ் தாக்குதல் நடந்தது 1995-இல். ஊரைப் பொடியன்குளம் ஆக்கியது புனைவின் உரிமை. ஆண்டை 1997 என்று காட்டியது தவறு, ஏனென்றால் இடையில் ஆட்சி மாறிவிட்டது. எதிர்ப்பு எழுந்த பிறகு 90-களின் பிற்பகுதி என்று திருத்தியதிலும் அந்தத் தவறு தீரவில்லை. வரலாற்றை மறைத்தவர்களோடு மோதும் கலைஞன் ஆண்டு விஷயத்தில் கறாராக இருந்தாக வேண்டும்.

‘வாழை’யில் (2024) அவர் மறுபடி தன் மண்ணுக்கு நெருங்கி வந்துவிட்டார். வாழைத்தார் சுமக்கும் சிறுவன் சிவனணைந்தானின் கழுத்துவலியும், தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கும் கூலிப் பேச்சும் இந்த ஊர்க்காரனுக்கு மட்டுமே தெரிந்த அளவில் வருகின்றன. சாவு விழுந்த வீட்டில் பசி பொறுக்காமல் சிவனணைந்தான் சோறள்ளித் தின்னும் காட்சி, தமிழ்ப்படங்களில் பசியைப் பற்றி வந்த மிக நேர்மையான காட்சிகளில் ஒன்று. கபடி வீரர் மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவிய ‘பைசன்’ (2025), எதிரெதிரான இரு தலைவர்களையும் மனிதர்களாகவே காட்டுகிறது. ‘மாமன்னன்’ தந்த பாடம் வீண்போகவில்லை. ஆனால் அவருடைய படங்களின் பெண்கள் இன்னும் வளரவில்லை. தன் வீட்டுச் சாதிவெறியே தெரியாத ‘பரியேறும் பெருமாள்’ ஜோ முதல், பலரும் நாயகனின் வலிக்குச் சாட்சியாகத்தான் நிற்கிறார்கள்.

ஆகவே என் தீர்ப்பு: ‘பரியேறும் பெருமாள்’, ‘வாழை’ இரண்டும் நிலைக்கும். ‘மாமன்னன்’ அதன் நோக்கத்துக்காக மட்டுமே நினைக்கப்படும்.

அவர் சொன்னது மாவட்டத்தின் உட்பகுதிக் கதை; கடலோரக் கதை மிச்சமிருக்கிறது. கரையில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது; சங்குக்காக மூழ்குகிறவர்கள் இருக்கிறார்கள், உப்பளத்தில் வெயிலில் உழைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். நாவலில் ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ தந்தார், ஜோ டி குரூஸ் ‘கொற்கை’ தந்தார். அந்தக் கடலோரக் கதையையும் மாரியே படமாக எடுக்க வேண்டும் என்று கேட்பது நியாயமல்ல. பா. ரஞ்சித்தின் நீலம் நிறுவனம் 2018-இல் ஒரு புதியவரை நம்பியதுபோல, கரையில் பிறந்த ஒருவரை, முடிந்தால் ஒரு பெண்ணை, நம்பிப் பணம் போட ஒரு தயாரிப்பாளர் முன்வர வேண்டும்.