மணிக்கட்டில் ஒரு மேஸ்திரி

ராமின் ‘தரமணி’யைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். 2017-இல் பார்த்தபோது அது சந்தேகப்படும் ஒரு ஆணின் கதை. இப்போது அது தகவலைப் பற்றிய படமாகத் தெரிந்தது. ஆல்தியாவுக்கு ஒரு அழைப்பு வந்தது என்பது மட்டும்தான் உண்மை. மீதிக் கதையை பிரபுநாத் தானே எழுதிக்கொள்கிறான்.

நம்ம கையில் இருக்கும் ஸ்மார்ட் வாட்ச்சும் இப்படித்தான். பச்சை வெளிச்சத்தைத் தோலுக்குள் அனுப்பி, ரத்தம் அதை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்துத் துடிப்பை எண்ணுகிறது. துடிப்பு 110 என்று சொல்லும். அது காதலா, பயமா, மாடிப்படி ஏறியதா? அதற்குத் தெரியாது. அதைப் படிப்பவர்தான் முடிவு செய்கிறார்.

அப்போ படிப்பவர் யார்? 2020 கொரோனா சமயத்தில் தரமணி ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவின் ஹெச்டிஐசி மையம், ஹெலிக்சான் நிறுவனத்தோடு சேர்ந்து விரலில் மாட்டும் கருவி ஒன்றைக் கொண்டுவந்தது. காய்ச்சல், ஆக்சிஜன், இதயத் துடிப்பு, மூச்சு நான்கையும் டாக்டர் தூரத்திலிருந்தே பார்க்கலாம். அதே 2020-இல் சண்டிகரில் தூய்மைப் பணியாளர்களுக்கு ஜிபிஎஸ் வாட்ச் மாட்டினார்கள். எங்கே நிற்கிறார்கள் என்று அதிகாரிகள் திரையில் பார்த்தார்கள். பணியாளர்கள் எதிர்த்துப் போராடினார்கள். இரண்டும் உடம்பில் மாட்டுவதுதான். ஒன்றைப் படிப்பவர் நம்மைக் காப்பாற்ற நினைக்கிறார். இன்னொன்றைப் படிப்பவர் ஏற்கெனவே சந்தேகப்பட்டுவிட்டார்.

‘தரமணி’ வெளியானது ஆகஸ்ட் 11. சரியாக 13 நாள் கழித்து, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஆனால் 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை சார்ந்த தேவைகளுக்கு ஊழியரின் சம்மதம் இல்லாமலே தரவைக் கையாள முதலாளிக்கு வழிவிடுகிறது. பிரபுநாத்துக்கு இப்போது சட்டமே துணை.

படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. நடுநடுவே ராமின் குரல் வந்து, பாத்திரங்களுக்கு மேலே நின்று நமக்கு எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறது. கண்காணிப்பைக் கேள்வி கேட்கும் படத்தில் அதுவும் ஒரு மேஸ்திரியின் குரல்தான். ஆல்தியா பேசும் இடங்களில்தான் படம் உயிரோடு இருக்கிறது. அவளைப் பற்றிய எந்தத் தகவலையும் விட, அவள் சொல்வதுதான் அவள்.

நாடி பார்க்கும் வைத்தியரும் மணிக்கட்டைத்தான் பிடிக்கிறார். ஆனால் பிடித்துக்கொண்டே நம்ம முகத்தைப் பார்த்து, “என்ன பண்ணுதுப்பா?” என்று கேட்கிறார். வாட்ச் மாட்டிவிட்டவர்கள் அந்தக் கேள்வியைத்தான் கேட்கவில்லை.