கன்னம் பொருந்தும் இடம்

அக்கா மகளுக்குப் போன ஆனியோடு 13 வயது முடிந்தது. கோடை விடுமுறை முழுக்க ரைஃபிள் கிளப்புக்குப் போய்வந்தவள், என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்: "மாமா, எனக்கு எந்த ரைஃபிள் வாங்கலாம்?" கைப்பேசியில் ஐந்தாறு படங்கள் வைத்திருந்தாள். நீலம், சிவப்பு, வெள்ளி என்று எல்லாம் பளபளப்பாக இருந்தன. நான் படங்களைப் பார்க்கவில்லை. தையல் டேப்பை எடுத்து அவளைச் சுவரோரம் நிற்கவைத்தேன். கழுத்து எவ்வளவு நீளம், தோள் எவ்வளவு அகலம், இடது முழங்கையை மடக்கி உடம்போடு ஒட்டினால் அது இடுப்பெலும்பின் மேல் உட்காருகிறதா என்று பார்த்தேன். அவள் முகம் சற்று வாடியது. ஆனால் முதல் ரைஃபிளைத் தேடுகிற வேலை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏர் ரைஃபிள் சுடுதல் என்ற இந்த விளையாட்டின் நுட்பம் எவ்வளவு சின்ன இடத்துக்குள் அடங்கியிருக்கிறது என்று தெரிந்தால் அந்த நம்பிக்கை புரியும். 10 மீட்டர் தூரத்தில் இருக்கும் கறுப்பு வட்டத்தின் விட்டம் 30.5 மில்லிமீட்டர். அதன் நடுவில் இருக்கும் பத்து என்பது வெறும் அரை மில்லிமீட்டர் புள்ளி. சுடுகிற பெல்லட்டோ 4.5 மில்லிமீட்டர். குறியைவிடக் குண்டு ஒன்பது மடங்கு பெரிது. பெல்லட்டின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்துதான், ஆனால் இன்றைய போட்டிகளில் பத்தையும் தசமமாகப் பிரித்து எண்ணுகிறார்கள். உச்சம் 10.9. அதை எடுக்க பெல்லட்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து கால் மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் கடைசிக் குண்டுக்கு முன் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்ரி ஹக்கினெனும் சமமாக நின்றார்கள். பிந்த்ரா 10.8 சுட்டார், ஹக்கினென் 9.7. ஒருவருக்குத் தங்கம், மற்றவர் வெண்கலத்துக்கு இறங்கினார். மையத்திலிருந்து விலகிய தூரத்தில் இரண்டு குண்டுகளுக்கும் இடையே இருந்த வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர் கூட இல்லை.

இத்தனை சின்ன வித்தியாசத்தில் துப்பாக்கியின் பங்கு எவ்வளவு? போட்டிக்கென்றே செய்த நல்ல மேட்ச் ரைஃபிளை இடுக்கியில் இறுக்கி, அதற்கு ஒத்துப்போகிற பெல்லட்டைப் போட்டு ஐந்து முறை சுட்டால் ஐந்தும் ஏறக்குறைய ஒரே துளைக்குள் போகும். ஆகவே தாளில் குண்டு சிதறினால் அந்தச் சிதறல் முழுதும் சுட்டவருடையது. கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. மட்டமான துப்பாக்கியில் எட்டு விழுந்தால் அது கையின் பிழையா, குழலின் பிழையா என்று குழந்தைக்குத் தெரியாது. தெரியாத பிழையைத் திருத்தவும் முடியாது.

அதனால்தான் விலை உயர்ந்த புதியதைவிட, கைமாறி வருகிற பழைய நல்ல ரைஃபிளை நான் எப்போதும் முதலில் தேடுவேன். ஜெர்மனியின் நெக்கார் ஆற்றங்கரை ஊர் ஓபர்ன்டோர்ஃப். அங்கே மவுசர் ஆலையில் வேலை பார்த்த வெஸ்டிங்கர், ஆல்டன்பர்கர் என்ற இரண்டு பொறியாளர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொடங்கிய ஃபைன்வெர்க்பாவ் நிறுவனத்தின் 300 வரிசை ரைஃபிள்கள் இன்றும் பல கிளப் அலமாரிகளில் இருக்கின்றன. பக்கவாட்டு நெம்புகோலை இழுத்தால் உள்ளே சுருள்வில் இறுகும். சுருள்வில் துப்பாக்கி என்றால் சுடும்போது உதைக்கும், குலுங்கும். இதில் அது கைக்குத் தெரியாது. விசை விடுபட்டதும் குழலும் இயந்திரமும் சேர்ந்து கட்டைக்குள் தண்டவாளத்தில் போவதுபோல் பின்னால் நழுவிவிடும். கட்டை மட்டும் கன்னத்தில் அப்படியே இருக்கும். முதன்முதலில் அதைச் சுட்ட நாளில் குண்டு போய்விட்டதா என்று எனக்கே சந்தேகம் வந்தது. உதையை இல்லாமல் ஆக்க முடியாது என்று தெரிந்ததும் அதை வேறு பக்கம் திருப்பிவிட்டார்களே, அந்தப் பொறியியல் புத்தியை நினைத்து இன்றும் வியக்கிறேன். வால்னட் மரக்கட்டையின் ரேகை வேறு, எண்ணெய் பூசித் துடைக்கத் துடைக்க மெருகேறும்.

இன்றைய போட்டிகளில் எல்லோர் கையிலும் இருப்பது அழுத்தக் காற்று ரைஃபிள். குழலுக்கு அடியில் இருக்கும் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்புவார்கள். முதல் குண்டுக்கும் அறுபதாவது குண்டுக்கும் ஒரே அளவு காற்றை விடுவது உள்ளே இருக்கும் ரெகுலேட்டரின் வேலை. பெல்லட் நொடிக்கு 170 மீட்டர் அளவு வேகத்தில் போகும். சிறு கைகள் ஒவ்வொரு குண்டுக்கும் நெம்புகோலோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை என்பது வளரும் பிள்ளைக்குப் பெரிய வசதி. பழையது வாங்கும்போது சிலிண்டரில் பொறித்திருக்கும் ஆண்டை முதலில் படியுங்கள். போட்டிக்கு வரும் சிலிண்டரின் ஆயுள் பத்து ஆண்டு. அது தாண்டியிருந்தால் புது சிலிண்டரின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். கடலோர ஊர்க்காரர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சென்னைக் காற்றைக் கைப்பம்பில் அப்படியே அடித்தால் ஈரமும் சேர்ந்து உள்ளே போய்விடும். ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டி இல்லாத பம்பைத் தொடாதீர்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்டே தீருவேன்: வாங்கப்போகும் ரைஃபிளில் காற்றும் குண்டும் இல்லாமல் விசையை மட்டும் அழுத்திப் பழக வழி இருக்கிறதா? நல்ல மேட்ச் ரைஃபிள்களில் இருக்கும். வீட்டுச் சுவரில் ஒரு புள்ளியை ஒட்டிவைத்து தினம் அரை மணி நேரம் அப்படிப் பழகுகிற பிள்ளை, வாரம் ஒரு நாள் கிளப்பில் நூறு பெல்லட் சுடுகிற பிள்ளையை எளிதாக முந்திவிடும். விசையில் இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டம் தளர்வாக வந்து ஓரிடத்தில் நிற்கும், அந்தத் தடையை விரல் உணர்ந்த பிறகு மிச்சம் இருப்பது ஒரு நினைப்பளவு அழுத்தம்தான். சுத்தமான இரண்டாம் கட்டத்தை விரல்நுனியில் உணர்வது, வீணையில் மெட்டு விரலுக்கு அகப்படுவதைப் போன்ற சுகம்.

இனிதான் தையல் டேப்பின் வேலை. நின்றபடி சுடுவது தசையின் பலத்தால் நடப்பதில்லை. ரைஃபிளின் எடை இடது கையிலிருந்து முழங்கைக்கும், முழங்கையிலிருந்து இடுப்பெலும்புக்கும், அங்கிருந்து கால் வழியாகத் தரைக்கும் இறங்க வேண்டும். எலும்பின் மேல் எலும்பு. தசை நடுங்கும், எலும்பு நடுங்காது. ரைஃபிள் உடம்புக்கு ஒத்துவராவிட்டால் இந்த அடுக்கு கலைந்துவிடும், உடனே தசை வேலை செய்ய ஓடிவரும். போட்டி விதி 5.5 கிலோ வரை அனுமதிக்கிறது. 13 வயதுப் பெண்ணுக்கு நான்கு கிலோ அளவில் தொடங்கலாம் என்பது என் கருத்து. எடையைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம், வளைந்துபோன முதுகை நிமிர்த்துவது கஷ்டம்.

பொருத்தத்தைச் சோதிக்க நான் செய்வது இதுதான். கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் ஏற்றச் சொல்வேன். தலையை நேராக வைத்து, கன்னத்தைக் கன்னக்கட்டையின் மேல் பாரமாக விடச் சொல்வேன். பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். பின் சைட்டின் துளை நேர் எதிரில் இருந்தால் பொருத்தம் சரி. கழுத்து துளையைத் தேடிப்போனால் சரியில்லை, கன்னக்கட்டையை ஏற்றவோ இறக்கவோ வேண்டும். தோள்தட்டு, கன்னக்கட்டை, கைப்பிடி, விசையின் தூரம் ஆகிய நான்கையும் நகர்த்த முடிகிற ரைஃபிள் எந்த நிறத்தில் இருந்தாலும் வாங்கலாம். நகர்த்த முடியாதது பெரிய பெயரோடு வந்தாலும் வேண்டாம்; ஆறு மாதத்தில் பிள்ளை வளர்ந்துவிடுவாள்.

பணம் குறைவாக இருந்தால் எதை முதலில் வாங்குவது என்று பெற்றோர்கள் கேட்கிறார்கள். ரைஃபிள் கிளப்பில் கிடைக்கும். ஜாக்கெட்டையும் கையுறையையும் காலணியையும் சொந்தமாக வாங்குங்கள் என்பேன். கான்வாஸும் தோலும் சேர்த்துத் தைத்த அந்த ஜாக்கெட் விறைப்பாக நின்று கீழ்முதுகைத் தாங்கும். ஒற்றை அடுக்கில் 2.5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இருக்கக் கூடாது என்பது விதி, போட்டிக்கு முன் கருவி வைத்து அளப்பார்கள். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பது லேசான காரியமில்லை. உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை அணிந்து, பத்து குண்டுக்கு ஒருமுறை பொத்தானைக் கழற்றி மூச்சு வாங்கப் பழக்க வேண்டும். காலணியின் அடி தட்டையாக இருக்க வேண்டும்; ஓட்டப்பந்தயக் காலணியின் மெத்து மெத்தென்ற அடிப்பாகம் உடம்பைத் தொட்டிலில் போட்டதுபோல் ஆட்டும்.

சைட்டில் புதியவர்கள் செய்யும் பொதுவான தவறு, முன் சைட் வளையத்தைச் சிறியதாகப் போடுவது. சின்ன வளையம் துல்லியமாக இருக்கும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. வட்டத்துக்குள் வட்டத்தை மையப்படுத்துவது கண்ணுக்கு இயல்பிலேயே வரும், அதற்குக் கறுப்பைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு தெளிவாகத் தெரிய வேண்டும். வளையம் இறுகினால் அந்த வெள்ளை மறையும், கண் தவிக்கும், விரல் காத்திருக்கும், மூச்சு தீரும். இடது கண்ணையும் மூடக் கூடாது. 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டை அதன் முன்னால் வைத்தால் போதும். முகம் இறுகாமல் இருக்கும்.

பெல்லட் தட்டைத் தலை உள்ளதாக இருக்கட்டும், தாளில் வட்டமாக வெட்டும். பயிற்சிக்கு ஒரே வகையை மாற்றாமல் வாங்குங்கள். ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் தின்பண்டத்தைத் தொட வேண்டும்.

கடைசியில் அவளுக்குக் கிடைத்தது, கிளப்பில் மூத்த பெண் ஒருத்தி கல்லூரிக்குப் போகும்போது விட்டுச்சென்ற பழைய ஆன்ஷூட்ஸ் ரைஃபிள். நிறம் மங்கியிருந்தது. கன்னக்கட்டையை எட்டு மில்லிமீட்டர் ஏற்றினோம், தோள்தட்டை உள்ளே தள்ளினோம். மூன்றாவது வாரம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது, பத்து, பத்து, திடீரென்று ஏழு. அவள் ரைஃபிளை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, திரையைக்கூடப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"இடுப்பு நகர்ந்திருச்சு மாமா. விசையை அமுக்கும்போதே தெரிஞ்சுது."

குனிந்து வலது காலை ஒரு விரற்கடை பின்னால் நகர்த்தி வைத்துக்கொண்டு, அடுத்த பெல்லட்டை எடுத்தாள்.