உண்மையாய் இருத்தலும் தன்னைச் சொல்லலும்

காரைக்குடிப் பகுதியின் சிறுகூடல்பட்டியில் 1927-ஆம் ஆண்டு பிறந்த கவிஞர் கண்ணதாசன், 1981-ஆம் ஆண்டு அக்டோபர் 17 அன்று சிகாகோ நகரில் காலமானார். அந்நகரின் பல்கலைக்கழகத்தில்தான் 1945 முதல் 1957 வரை கார்ல் ரோஜர்ஸ் என்னும் உளவியலறிஞர் பணியாற்றி, ஆளை மையமாகக் கொண்ட உளச்சிகிச்சை முறையை வளர்த்தார். இஃது தற்செயலே. ஆயினும், இருவரையும் ஒருசேர எண்ணத் தூண்டும் வினா ஒன்றுண்டு: துயருற்றவனுக்குத் துணை நிற்பவன் எவ்வகையில் உண்மையாய் இருத்தல் வேண்டும்?

மனமாற்றத்துக்கு இன்றியமையாத நிபந்தனைகள் ஆறு என 1957-இல் எழுதிய கட்டுரையில் ரோஜர்ஸ் வகுத்தார். சிகிச்சையாளரின் அகமும் புறமும் ஒத்திருத்தல் அவற்றுள் ஒன்று. வாழ்வு முழுவதும் அவர் அப்பழுக்கற்றவராய் இருக்க வேண்டுமென்று ரோஜர்ஸ் கேட்கவில்லை. எதிரில் ஒருவர் அமர்ந்திருக்கும் அந்த நேரத்தில், அந்த உறவில், தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளலாகாது என்பதே அவர் விதித்தது.

இதனை, 'உள்ளதையெல்லாம் கொட்டிவிடுதல்' என்று கொள்வோர் பலர். அவர்கட்குக் கண்ணதாசனின் 'வனவாசம்' உடனே நினைவுக்கு வரலாம். திராவிட முன்னேற்றக் கழகத்திலிருந்து 1961-இல் விலகியது வரையிலான தம் வாழ்வை, தம் குறைகளையும் மறைக்காமல் கவிஞர் அதில் எழுதினார். பின்னர் 'அர்த்தமுள்ள இந்துமதம்' நூலின் பத்துப் பாகங்களிலும் அவர் அறிவுரை சொன்னபோது, மாற்றுச் சமயத்தவரும் அதை விரும்பிப் படித்தனர். இடறி விழுந்தவனே வழியிலுள்ள கல்லைக் காட்டுகிறான் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம் என்பது நம் துணிபு.

எனினும் நூல் வேறு, சிகிச்சை வேறு. நூலின் நடுவில் நிற்பவன் ஆசிரியன். வேண்டாதபோது வாசகன் ஏட்டை மூடிவிடலாம். துயரோடு வந்தவனோ, எதிரிலிருப்பவரின் கதையை மூடிவைக்க இயலாது. அங்கே நடுவில் இருக்க வேண்டியது அவன் துயரமே. 1965-இல் வெளியான பயிற்சிப் படமொன்றில், மணமுறிவு பெற்ற தாய் ஒருத்தி, தன் மகளிடம் பொய் சொல்லிவிட்டதை எண்ணி வருந்தி, உண்மையைச் சொல்லலாமா என ரோஜர்ஸிடம் கேட்கிறாள். விடை தர இயன்றால் நன்றாயிருக்கும் என்ற தம் விருப்பத்தை அவர் ஒளிக்கவில்லை. ஆனால் விடையையும் தரவில்லை. அது அவளே காண வேண்டியது என்கிறார். தம் கதை எதையும் அவர் சொல்லவில்லை. ஆயினும் பொய்ம்முகமும் காட்டவில்லை.

இக்கொள்கைக்கு மறுப்பும் உண்டு. 1957 ஏப்ரல் 18 அன்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்த உரையாடலில், நோயாளியும் மருத்துவரும் சமநிலையில் நிற்க இயலாது என்று மெய்யியலறிஞர் மார்ட்டின் பூபர் வாதிட்டார். உதவி நாடி வந்தவர் ஒருவர். உதவும் இடத்தில் இருப்பவர் மற்றவர். பூபர் கூற்றை நாம் ஏற்கிறோம். ஏற்பதனாலேயே ரோஜர்ஸின் நிபந்தனை மேலும் வலுப்பெறுகிறது என்போம். மேலிருப்பவரின் போலிமையைச் சுட்டிக்காட்டக் கீழிருப்பவருக்குத் துணிவு வராதன்றோ?

செட்டிநாட்டு வீடொன்றின் வளவில், புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்த பெண்ணொருத்தி அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். "எல்லாம் சரியாய்ப் போகும் ஆத்தா" என்கிறார் பெரியவர். அவர் நெஞ்சிலோ, ஊரார் என்ன சொல்வார்களோ என்ற கவலை. சொல்லில் அன்பிருந்தும் அப்பெண் அதன்பின் வாய் திறவாள். அவர் நெஞ்சிலுள்ளதை முகமே சொல்லிவிட்டது. "எனக்கும் அச்சமாகத்தான் இருக்கிறது, ஆயினும் நீ சொல், கேட்கிறேன்" என்று அவர் கூறியிருப்பின் அவள் பேசியிருக்கக்கூடும்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் அவர் தம்மைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. அதற்குக் குறைவாகப் பேசினாலும் அவள் நம்பமாட்டாள். உளச்சிகிச்சையாளரிடம் ரோஜர்ஸ் வேண்டுவதும் அவ்வளவே.