ஒரு லேப்டாப், இரண்டு ஓஎஸ்: பார்மட் போடும் முன்

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் லேப்டாப்பில் ஒன்று காணாமல் போனால், புதுச்சேரி வில்லியனூர் பக்கத்து சர்வீஸ் கடைகளில் அடிக்கடி காதில் விழும் வைத்தியம்: "விடுங்கண்ணே, பார்மட் போட்டு விண்டோஸ் மட்டும் ஏத்திடலாம்." கடைக்காரருக்கு அரை மணி நேர வேலை. பிள்ளையின் ப்ராஜெக்ட், கல்யாண போட்டோ, கடைக்கணக்கு எல்லாம் அதோடு போகும். இரண்டு ஓஎஸ் போட்ட பழைய லேப்டாப் ஒன்றை அன்றாட வேலைக்கு வைத்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு பார்மட் தேவையே இல்லை.

என்னிடம் இருப்பது ஐந்தாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம், பின்னால் மாற்றிப் போட்ட 256 ஜிபி எஸ்எஸ்டி. பேட்டரி செத்து நாளாகிறது. விண்டோஸ் 10, லினக்ஸ் மின்ட் 22 இரண்டும் இருக்கின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் போகலாமென்றால் இன்டெல்லில் எட்டாம் தலைமுறைச் செயலியும் டிபிஎம் 2.0-வும் கேட்கிறது. டேலியும், டிடிபி கடைக்காரர்கள் இன்னும் விடாத பேஜ்மேக்கரும் விண்டோஸை விட்டு நகராது. ஆகவே இணையம், பாங்க், படிப்பு மின்ட்டில். கணக்கும் அச்சுவேலையும் விண்டோஸில். மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. ஐபஸ், எம்17என் தொகுப்புகளைப் போட்டுக்கொண்டால் தமிழ்99-இல் தட்டலாம். 4 ஜிபி ராம்தான் என்றால் சின்னமன் வேண்டாம், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள்.

முதல் கோளாறு, மின்ட் காணாமல் போவது. பெரிய விண்டோஸ் அப்டேட் ஒன்று முடிந்ததும் எந்த ஓஎஸ் என்று கேட்கும் மெனு வராமல் நேராக விண்டோஸ் திறக்கும். மின்ட் அழியவில்லை, பூட் வரிசையில் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அணைத்துவிட்டு ஆன் செய்யும்போதே பூட் மெனு விசையைத் தட்டுங்கள்: டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். வரும் பட்டியலில் 'மின்ட்' என்று தேடினால் கிடைக்காது. மின்ட் தன்னை அங்கே 'உபுண்டு' என்றுதான் பதிந்துகொள்கிறது. அதைப் பார்த்துவிட்டு "எவனோ வேற ஓஎஸ் போட்டுட்டான்" என்று பதறுபவர்கள் உண்டு. உபுண்டுவைத் தேர்ந்தால் மின்ட் வரும். பிறகு பயாஸில் அதை முதலிடத்துக்கு ஏற்றிவிட வேண்டும்.

பட்டியலிலேயே இல்லையென்றால் மின்ட் பென் டிரைவில் பூட் செய்யுங்கள். அதில் 'பூட் ரிப்பேர்' என்ற கருவி கூடவே வருகிறது. ஆனால் பென் டிரைவ் பெயர் பூட் மெனுவில் இரண்டு முறை தெரியலாம், ஒன்று யுஇஎஃப்ஐ என்ற அடைமொழியோடு, மற்றது இல்லாமல். விண்டோஸ் எந்த முறையில் போடப்பட்டதோ அதே முறையில்தான் இதையும் திறக்க வேண்டும். இதில் பிசகி இரண்டு ஓஎஸ்ஸும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் கிடக்கும் கணினிகள் ஏராளம்.

எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு: மெனு வரும், விண்டோஸ் பெயர் இருக்காது. பூட் மெனுவைக் காட்டும் க்ரப், 2021-இல் வந்த 2.06 பதிப்பிலிருந்து பாதுகாப்புக்காக மற்ற ஓஎஸ்களைத் தேடுவதைத் தானாகச் செய்வதில்லை. அமைப்புக் கோப்பில் 'ஓஎஸ்-ப்ரோபர்' தடையை எடுத்துவிட்டு அப்டேட்-க்ரப் கட்டளை கொடுத்தால் விண்டோஸ் திரும்பிவிடும்.

நம் ஊருக்கென்றே அமைந்த கோளாறு கடிகாரம். மதியம் மூன்றரைக்கு மின்ட்டை மூடி விண்டோஸைத் திறந்தால் காலை பத்து என்கிறது. மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக வாசிக்கிறது. இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னே இருப்பதால் சரியாக ஐந்தரை மணி பின்தங்குகிறது. லினக்ஸில் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையால் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் தகராறு முடிந்தது. நேரம் ஐந்தரை மணி தள்ளாமல் ஆண்டே பத்துப் பதினைந்து பின்னால் போயிருந்தால் அது வேறு நோய்: மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருக்கிறது. பழைய இயந்திரங்களில் அதோடு பயாஸ் அமைப்புகளும் தொடக்க நிலைக்குப் போய், டிஸ்க் முறை மாறி, சில சமயம் இரண்டு ஓஎஸ்ஸுமே திறக்காது. சில பத்து ரூபாய் செல்லுக்காக பார்மட் போட்ட கதையை நினைத்தால்தான் எரிச்சல் வருகிறது.

மழைக்காலத்தில் பாகூர் வயல்பக்க ஊர்களில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பேட்டரி இல்லாத லேப்டாப்பும் யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பும் அந்த நொடியே அணைந்துவிடும். அதன்பின் மின்ட்டில் போனால் விண்டோஸ் டிரைவ் திறக்காது, அல்லது படிக்க மட்டும் விடும். விண்டோஸில் போய் செக்டிஸ்க் ஓட்டினால் சரியாகும். கரண்ட் போகாமலே இப்படியானால் காரணம் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுக்க மூடாமல் பாதித் தூக்கத்துக்குப் போகிறது. பவர் ஆப்ஷன்ஸில் அதை நிறுத்துங்கள். இரண்டு ஓஎஸ் போடுகிறவர் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது.

புதிய லேப்டாப்காரர்களுக்கு வந்த பெரிய அடி 2024 ஆகஸ்ட் 13 விண்டோஸ் அப்டேட். செக்யூர் பூட் போட்டிருந்த பல கணினிகளில் லினக்ஸ் பக்கம் போனால் 'எஸ்பேட்' சோதனை தோற்றது என்ற செய்தியோடு நின்றுவிட்டது. இரண்டு ஓஎஸ் உள்ள கணினிகளுக்கு இந்த எஸ்பேட் விதி போகாது என்றுதான் மைக்ரோசாப்ட் சொல்லியிருந்தது. செக்யூர் பூட்டை நிறுத்தி, லினக்ஸில் போய் 'மோக்யூட்டில்' கருவியால் அந்த விதியை நீக்கி, மறுபடி செக்யூர் பூட்டைப் போடுவதுதான் அப்போதைய மருந்து. முழுத் தீர்வு 2025 மே மாதம் வந்தது.

இரண்டு ஓஎஸ் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. தமிழக அரசு 2011 செப்டம்பரில் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பாகூரைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். மாமா பிள்ளை, அத்தை பெண் வழியாக அவை இந்தப் பக்கமும் வந்தன. நான் பார்த்தவற்றில் லினக்ஸ் இருந்த இடம் படம் வைக்கக் காலியாக்கப்பட்டிருந்தது. கையில் கொடுத்தவர்கள் எப்படிப் பயன்படுத்துவதென்று காட்டித் தரவில்லை என்பதே என் குறை. இன்று அதற்கு ஆள் உண்டு: புதுச்சேரியில் எஃப்எஸ்எச்எம் என்ற கட்டற்ற மென்பொருள் அமைப்பு, வில்லியனூரில் ரயிலேறினால் எட்டும் தூரத்தில் விழுப்புரம் க்னு லினக்ஸ் பயனர் குழு.

எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது. ஒரே கணினி உள்ள வீட்டுக்குத் தாராளமாகச் சொல்வேன். டெஸ்க்டாப்பில் இரண்டாவது எஸ்எஸ்டிக்கு இடமிருந்தால் ஆளுக்கொன்றாகப் பிரித்துவிடுங்கள், மேலே சொன்ன சண்டையில் பாதி வராது. விண்டோஸ் 11 லேப்டாப்பென்றால் செக்யூர் பூட்டில் கை வைக்கும் முன் பிட்லாக்கர் மீட்புச் சாவியை, 48 இலக்கங்கள், எழுதி வையுங்கள். டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கலாம். சாவி முதலில் நுழைந்த மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். வாங்கிய அன்று கடைக்காரர் தன் மெயிலைப் போட்டுத் திறந்து கொடுத்திருந்தால் சாவி அவரிடம்தான். கடை இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள்.