மரோயே மாமா: நகைச்சுவையும் அதிகார விமரிசனமும்

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால நாடகம் என்றதும் இத்தாலியையும் இங்கிலாந்தையும் மட்டுமே நினைவுகூர்வது எம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆயின் அத்திரியாட்டிக் கடலின் கிழக்குக் கரையிலும் அக்காலத்தில் வளமான இலக்கியமொன்று தோன்றியிருந்தது. மார்க்கோ மருலிச் 1501இல் எழுதி, 1521இல் வெனிசில் அச்சேறிய ‘யூதித்தா’ குரோசிய மொழிக் காவியத்திற்கு வழி திறந்தது. அரை நூற்றாண்டின் பின்னர் அம்மொழியில் உரைநடை நாடகத்தை உயர்நிலைக்கு இட்டுச்சென்றவர் டுப்ரொவ்னிக் நகரத்து மரின் டர்ஜிச் (1508 - 1567). 1551இல் மேடையேறிய ‘டுண்டோ மரோயே’, அதாவது ‘மரோயே மாமா’, அவரது தலைசிறந்த படைப்பாகும்.

டர்ஜிச் தமது இறுதிக்காலத்தில், 1566இல், புளோரன்சை ஆண்ட கோசிமோ த மெடிச்சிக்குக் கடிதங்கள் வரைந்தார். டுப்ரொவ்னிக்கின் பிரபுக்குல ஆட்சியைக் கவிழ்க்க உதவுமாறு அவற்றில் அவர் வேண்டினார். இருபதாம் நூற்றாண்டில் இக்கடிதங்கள் வெளிவந்தபின், இந்நாடகத்தை ஒரு புரட்சியாளனின் மறைமுகப் பிரகடனமாகக் காணும் போக்கு வலுப்பெற்றது. இந்நோக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இங்கு எமது வினா.

டுப்ரொவ்னிக் ஒரு வணிகக் குடியரசு. ஒட்டோமன் சுல்தானுக்கு ஆண்டுதோறும் 12,500 தங்க நாணயங்களைத் திறையாகச் செலுத்தித் தன் தன்னாட்சியைக் காத்துவந்தது. உயிர்வாழும் உரிமையையே பணங்கொடுத்துப் பெற்ற நகரம் அது. ஆட்சியுரிமையோ பிரபுக்களுக்கு மட்டுமே உரியதாயிருந்தது. அக்குலத்தைச் சாராதோர் எத்துணைச் செல்வராயினும் பேரவையில் இடம்பெற முடியாது. டர்ஜிச் அவ்வாறு ஒதுக்கப்பட்டோருள் ஒருவர்.

நாடகக் கதையும் பணத்தையே அச்சாகக் கொண்டு சுழல்கின்றது. வணிகத்திற்கெனத் தந்தை கொடுத்த ஐயாயிரம் நாணயங்களை மகன் மாரோ உரோமாபுரியில் லவுரா எனும் கணிகையிடம் இழக்கின்றான். கருமியான மரோயே, என்றும் பசித்திருக்கும் வேலையாள் பொக்சிலோவுடன் மகனைத் தேடி அங்கு வருகின்றார். கருமித் தந்தை, ஊதாரி மகன், சூழ்ச்சி வல்ல வேலையாள் என்னும் பாத்திர வார்ப்பு பிளோட்டசின் இலத்தீன் நாடக மரபிலிருந்து வந்ததே. எனினும் அவர்கள் பேசுவது டுப்ரொவ்னிக் தெருவின் பேச்சு. அவர்களது கணக்குவழக்கும் அந்நகருக்கே உரியது.

அரசியல் வாசிப்புக்கு வலிமையான சான்றாக அமைவது முன்னுரைக் காட்சியாகும். அதில் ‘நெட்டை மூக்கன்’ எனும் மந்திரவாதி தோன்றி, மனிதர்களை மெய்ம்மனிதர், பொய்ம்மனிதர் என இரு கூறாக்குகின்றான். மெய்ம்மனிதர் ‘எனது, உனது’ என்ற பேதமற்ற ஒரு தொலைநாட்டில் வாழ்வோர். பொய்ம்மனிதரோ குரங்கு முகமும் கிளி முகமுமாகச் செதுக்கப்பட்டு, மந்திரத்தால் உயிர்பெற்று உலகில் கலந்த பொம்மைகளின் வழிவந்தோர். ஆளுங்குலத்தவரே கூடியிருந்த அவையில் இது பேசப்பட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. எவரையும் பெயர் சுட்டாமையால் எல்லோரும் நகைத்திருக்கலாம். அந்நகைப்பே ஆசிரியருக்குக் கவசமாயிற்று.

இவ்வளவும் ஏற்புடையதே. ஆயின் நாடகத்தில் இறுதியாக வெற்றிபெறுபவன் யார்? பொமெற் எனும் வேலையாள். செல்வமும் குலமுமற்ற அவன் அறிவால் எசமானரை விஞ்சுகின்றான். எனினும் அவன் போதிப்பது காலத்திற்கேற்ப வளைந்துகொடுக்கும் திறமையையே. உலக ஒழுங்கை மாற்ற அவன் முனையவில்லை. அவ்வொழுங்கினுள் தனக்கோர் இடம் தேடிக்கொள்கின்றான். ‘எனது, உனது’ அற்ற நாட்டைப் பற்றிய முன்னுரையின் கனவு, அவனது நல்விருந்தாகச் சுருங்கிவிடுகின்றது. நாடகத்தின் முடிவுப் பகுதி அழிந்துபோயிற்றாயினும் எஞ்சிய பகுதியே இம்முரண்பாட்டைப் புலப்படுத்தப் போதுமானது.

கடிதங்களிலும் இதே எல்லையைக் காணலாம். பிரபுக்களை எதிர்த்த டர்ஜிச், மாற்றத்தை மற்றுமொரு பிரபுவிடமே வேண்டினார். அவ்வுதவி கிட்டாமலே 1567இல் வெனிசில் காலமானார்.

ஆகவே, கடிதங்களைக் கொண்டு நாடகத்திற்குப் பொருள் கூறுவது, படைப்பினுள்ளே கிடக்கும் முரண்பாட்டை ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றால் மூடிவிடுவதாகும். ‘மரோயே மாமா’ புரட்சி நாடகமன்று. பணமும் குலமும் மனிதரை எவ்வாறு பொம்மைகளாக்குகின்றன என்பதைத் தெளிவாகக் கண்டு, அதிலிருந்து மீளும் வழியைக் காணாத ஒரு காலத்தின் நாடகம் அது. அதன் கலைப்பெறுமானம் இந்நேர்மையிலேயே தங்கியுள்ளது.