ஒரு தேங்காயும் நடத்தைப் பாடமும்

பாமாவின் 'கருக்கு' 1992ல் மதுரையிலிருந்து வெளிவந்தது. அதன் மொழியைப் பற்றி எழுதினார்கள், திருச்சபையைப் பற்றி எழுதினார்கள். தேங்காய்ச் சம்பவத்தை மட்டும் கொஞ்சம் அழுதுவிட்டுத் தாண்டிப்போகிற இடமாக்கிவிட்டார்கள். பி.எட். படிக்கிறவர்களுக்குப் பாடமாக வைக்கவேண்டிய இடம் அது.

ஏழாம் வகுப்புப் பிள்ளை. சாயங்காலம் பள்ளிக்கூடத் தென்னையில் கூட்டாளிகளோடு ஓடி ஏறி விளையாடுகிறாள். ஒரு தேங்காய் விழுகிறது. அங்கேயே போட்டுவிட்டு எல்லாரும் ஓடிவிடுகிறார்கள். மறுநாள் காலையில் எல்லார் முன்னாடியும் தலைமையாசிரியர் இவளைக் கூப்பிட்டு, சாதியைச் சொல்லித் திருடி என்கிறார், வெளியே நிறுத்துகிறார்.

கல்வி உளவியல் புத்தகத்தில் என்ன இருக்கு? பிள்ளையைப் பல நாள் கவனி, வீட்டுச் சூழலை விசாரி, அப்புறம் முடிவுக்கு வா என்றுதானே. என்னோடு படித்தவர்கள் பலர் அதை மனப்பாடம் பண்ணித்தான் வாத்தியார் ஆனார்கள். இவருக்கு ஒரு கேள்விகூடத் தேவைப்படவில்லை. முடிவு முதல்லயே இருந்தது. தேங்காய் பிறகுதான் விழுந்தது.

பாமா அதோடு விடவில்லை. பிள்ளை சாமியாரிடம் போகிறாள். அவரும், சேரிப்பிள்ளைதானே, செஞ்சிருப்ப என்கிற தோரணையில் பேசிவிட்டுத்தான் கடிதம் கொடுக்கிறார். அதைக் காட்டியபின் திட்டித் தீர்த்து உள்ளே விடுகிறார்கள். குற்றமில்லை என்று யாரும் சொல்லவில்லை. வகுப்பே திரும்பிப் பார்க்க, கூனிக் குறுகி பெஞ்சில் உட்காருகிறாள். அந்த வாரம் புதுசாக ஒரு டீச்சர் வந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்? கூச்ச சுபாவம், யாரோடும் ஒட்டமாட்டாள். அதுவும் பிள்ளையின் கோளாறாகவே பதிவாகியிருக்கும்.

இன்றைக்கும் பேச்சு பிள்ளைகளின் நடத்தையைச் சுற்றியேதான். 2023ல் நாங்குநேரியில் தலித் மாணவரைக் கூடப்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறைத் தடைசெய்யச் சொன்னதைப் பற்றியே நான் போன கூட்டங்களில் பேசினார்கள். ஆசிரியர்களுக்கு இடமாற்றம் வேண்டும், அவர்களுக்கே பயிற்சி வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அதைப் பேச ஆளில்லை.

மேலூர்ப் பக்கம் எங்கள் மாலை வகுப்புக்கு ஒரு பையன் வருவான். 'எதிர்த்துப் பேசுறான்' என்று பள்ளிக்கூடத்தில் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னார்கள். அவன் கேட்டது ஒரே கேள்வி: "ஏன் சார், கக்கூஸ எப்பவும் நான் மட்டும் கழுவணும்?" அப்பா கைகட்டி நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். பையன் இப்போது வகுப்பில் வாயே திறப்பதில்லை. திருந்திட்டான் என்கிறார்களாம்.